மறிக்காமல் விடுகிற ஆள்

மண்கும்பானில் அமெரிக்கன் ஃபுட்போல் பழக்குகிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கையில் இருக்கிற பந்தைப் பார்ப்பார்கள். "பனங்காயை ஆரோ ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்த மாதிரிக் கிடக்கு" என்று ஒரு அம்மம்மா சொன்னா. அந்தப் பந்தைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருத்தரும் சொல்லி நான் கேட்கவில்லை.

ஏன் இந்த விளையாட்டு, எங்கட உதைபந்துக்கு என்ன குறை, கிரிக்கெட்டுக்கு என்ன குறை என்று கேட்டால், ஒரு குறையும் இல்லை. இரண்டையும் நானும் விளையாடினவன்தான். 2025 செப்டெம்பரில் பக்கத்து மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நட்டபோது எங்கட பொடியள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் பழக்குவது முழு அமெரிக்கன் ஃபுட்போலும் அல்ல. அதில் ஒரே ஒரு ஆட்டத்தை, திரும்பத் திரும்ப. அதன் பெயர் ட்ரிப்பிள் ஒப்ஷன். இந்தக் கட்டுரையும் அந்த ஒன்றைப் பற்றியதுதான்.

ஊர் தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தீவுக்குள் வந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, அதற்கடுத்து மண்கும்பான். பெயரிலேயே மண் இருக்கிறது. வெள்ளை மணல், பனை, வடலி, இடைக்கிடை மணல் அள்ளின பள்ளங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்து போனது. திரும்பி வந்தது ஒரு பங்குதான். மிச்சப்பேர் கொழும்பில், ரொறன்ரோவில், பாரிஸில், லண்டனில். பூட்டின வீடுகளுக்கு நடுவில் ஒரே வயதில், ஒரே உயரத்தில் பதினொரு பேரைச் சேர்ப்பது லேசான வேலை இல்லை. பின்னேரம் நாலரைக்கு விசில் அடித்தால் ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். ஒருவனுக்குப் பதினேழு வயது, ஆறடி. இன்னொருவனுக்குப் பன்னிரண்டு, என் நெஞ்சுக்குக் கீழே நிற்பான். இரண்டு பேர் பெட்டையள். இந்த வாற எல்லாரையும் வைத்து எங்களைவிடப் பெரிய ஆக்களோடு எப்படி விளையாடுவது? அந்தக் கேள்விக்கு யாரோ ஏற்கெனவே விடை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் நான் இதற்குள் விழுந்தேன்.

பந்து வந்த கதை சின்னது. ஸ்காபரோவில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடின மச்சான் ஒருத்தன் திருவிழாவுக்கு வந்தவன், அதையும் கொண்டுவந்தான். போகும்போது பெட்டிக்குள் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் ஏறிவிட்டதால் பந்துக்கு இடமில்லை. விட்டுவிட்டுப் போனான். மிச்சத்தைப் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். பகலில் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அமெரிக்கப் பள்ளிக்கூடப் பயிற்றுநர்மாரின் விளக்கங்களோடுதான் போகும். சோற்றுக்கை காயக் காயப் பார்த்திருக்கிறேன்.

இலங்கைக்கு இந்த விளையாட்டு இதற்கு முந்தியும் வந்து போனதுதான். 2012 இல் எலீட் ஃபுட்போல் லீக் ஒஃப் இந்தியா என்று ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். அதன் முதல் பருவப் போட்டிகள் கொழும்பிலும் நடந்தன, கொழும்பு லயன்ஸ் என்று ஒரு அணியும் இருந்தது. கேட் வோர்னர், மைக் டிட்கா போன்ற அமெரிக்கப் பெருந்தலைகள் அதில் காசு போட்டிருந்தார்கள். நிலைக்கவில்லை. தொலைக்காட்சிக்காக மேலிருந்து இறக்கின விளையாட்டு அது என்பது என் அபிப்பிராயம். ஒரு ஒழுங்கைக்குள் இருந்து ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நாங்கள் ஏழுக்கு ஏழு விளையாடுகிறோம். ஆளை விழுத்துவது இல்லை. பழைய சாரத்தைக் கிழித்து இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு செருகியிருக்கும், அதை உருவினால் ஆள் பிடிபட்டது. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்கிறவர் குனிந்து பந்தைக் கால்களுக்கிடையால் பின்னுக்குக் கொடுப்பார். அதை வாங்குகிறவன் குவாட்டர்பாக். அவனுக்கு நேர் பின்னால் நாலு எட்டுத் தள்ளி ஒருவன். பந்து அசைந்ததும் அவன் நேரே நடுவால் பாய்வான். அந்தப் பன்னிரண்டு வயதுக்காரன்தான் அவன். இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு பேர். அதில் ஒருத்தி, பந்து அசைய ஒரு கணம் முந்தியே ஓடத் தொடங்கி, குவாட்டர்பாக்குக்குப் பக்கத்தில் நாலு எட்டு இடைவெளி விட்டு, கொஞ்சம் பின்னால், கரையை நோக்கி வருவாள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடுகிற பிள்ளை, பந்து பிடிக்கிற கை இருக்கிறது. மற்றச் சிறகு முன்னால் போய் ஒருவரை மறிக்கும்.

ஆக, பந்து போகக்கூடிய வழி மூன்று. நடுவால் பாய்கிறவன், குவாட்டர்பாக், கரையால் ஓடுகிறவள். ஆட்டம் தொடங்கும்போது இந்த மூன்றில் எது என்று ஒருத்தருக்கும் தெரியாது. குவாட்டர்பாக்குக்கும் தெரியாது. பயிற்றுநருக்கும் தெரியாது.

மற்ற ஆட்டங்களில் எதிரே நிற்கிறவர்களில் தடையாக வரக்கூடிய ஒவ்வொருவருக்கும் ஒரு மறிப்பாளரை அனுப்பப் பார்ப்பார்கள். இதில் இரண்டு பேரை வேண்டுமென்றே மறிக்காமல் விடுகிறோம். பெரும்பாலும் அவர்களுடைய ஆகப் பலமான ஆட்களை. முதலாவது ஆள் எங்கட முன்வரிசையின் அந்தத்தில் நிற்கிறவன். குவாட்டர்பாக் பந்தைச் சின்னவனின் வயிற்றில் வைக்கிறான், ஆனால் கையை எடுக்கவில்லை. இருவரும் ஒரு எட்டு ஒன்றாகப் போகிறார்கள். அந்த ஒரு எட்டுக்குள் குவாட்டர்பாக் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, சின்னவனை அல்ல, அந்த மறிக்காமல் விட்டவனை. அவன் உள்ளுக்குத் திரும்பிச் சின்னவனைப் பிடிக்க வந்தால் பந்தை உருவி எடுத்துக்கொண்டு வெளியே ஓடு. அவன் வராமல் நின்றால், இல்லாவிட்டால் உன்னை நோக்கி வந்தால், சின்னவனிடமே விட்டுவிடு. வெளியே ஓடினால் இரண்டாவது ஆள் எதிரே வருவான். அவனுடைய உள்தோளைக் குறிவைத்து நேரே போ. அவன் உன்னைப் பிடிக்க வந்தால் கரையால் வருகிறவளுக்கு எறி. அவளை நோக்கிப் போனால் நீயே உள்ளால் வெட்டி மேலே போ.

கணக்கைப் பாருங்கோ. எங்களில் மூன்று பேர் பந்தோடு ஓடக்கூடியவர்கள், மிச்சம் நாலு பேர் மறிப்பார்கள். எதிரணியில் ஏழு பேர், அதில் இரண்டு பேரை விட்டுவிட்டோம், மிச்சம் ஐந்து. நாலுக்கு ஐந்து. மிஞ்சுகிற அந்த ஒருவன் மற்றக் கரையில் நிற்பான், மணலில் ஓடிவர அவனுக்கு நேரம் எடுக்கும். மறிக்கவே முடியாத ஒரு ஆறடி ஆளை, ஒருத்தரும் தொடாமல், அவன் எடுக்கிற முடிவாலேயே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கிறோம். அவன் இந்தப் பக்கம் போனால் பந்து அந்தப் பக்கம். முதல்முறை இது விளங்கினபோது கடையில் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கீறிக் கீறிப் பார்த்தேன். முதலாளி கண்டவர், ஒன்றும் கேட்கவில்லை.

இதை உருவாக்கினவர்கள் எல்லாரும் எங்களைப் போல ஆளில்லாதவர்கள் என்று நினைக்கவேண்டாம். 1960களின் நடுப்பகுதியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் இதன் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். 1968 இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெலார்ட், பின்னால் நிற்கிற ஆட்களைக் கவட்டைத் தடி மாதிரி அடுக்கி "விஷ்போன்" என்ற வடிவத்தை அமைத்தார். முதல் போட்டி 20–20 சமநிலை. இரண்டாவது தோல்வி. பிறகு குவாட்டர்பாக்கை மாற்றி ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டை விட்டார்கள். அதற்குப் பிறகு டெக்ஸஸ் தொடர்ந்து 30 போட்டி வென்றது. அதே அமைப்பு, அதே பயிற்றுநர்கள். அந்த அரைச் செக்கனில் முடிவெடுக்கிற ஆள்தான் வேறு.

ஆனால் மற்றப் பெரிய பல்கலைக்கழகங்கள் விட்ட பிறகும் இதைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் அமெரிக்காவின் இராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகள். படைக் கல்லூரி என்ற சொல்லைக் கேட்டதும் தீவில் பிறந்தவனுக்கு வருகிற ஞாபகம் வேறு. எனக்கும் வந்தது. பார்க்காமல் விடுவோமா என்றும் யோசித்தேன். ஆனாலும் காரணம் எங்களுக்குப் பொருந்துகிற காரணம். அங்கே படிப்பவர்கள் படிப்பு முடிய வருடக்கணக்கில் சேவைக்குப் போக வேண்டும், உடல் நிறைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மற்றப் பல்கலைக்கழகங்களில் நிற்கிற 140 கிலோ மறிப்பாளர்கள் அவர்களுக்குக் கிடைக்கமாட்டார்கள். அதனால் மறிக்காமல் வெல்கிற வழி வேண்டும். 2007 நவம்பர் 3 அன்று போல் ஜோன்சன் பழக்கிய கடற்படை அணி நோட்ர டேமை, அதன் சொந்த மைதானத்தில், மூன்று மேலதிகச் சுற்றுக்குப் பிறகு 46–44 என்று வென்றது. அதற்கு முன் அதே எதிரியிடம் 43 முறை தொடர்ச்சியாகத் தோற்றிருந்தார்கள். கடைசியாக வென்றது 1963 இல். 2018 இல் இராணுவக் கல்லூரி பலமான ஓக்லஹோமாவிடம் மேலதிக நேரத்தில் 28–21 என்று தோற்றது. ஆனால் அந்தப் போட்டியின் 60 நிமிடத்தில் கிட்டத்தட்ட 45 நிமிடம் பந்து இவர்களின் கையில். எதிரியிடம் எவ்வளவு கெட்டிக்காரன் இருந்தாலென்ன, அவன் கரையில் இருந்து தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறான்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல் இதைப் பெரிதாகத் தொடுவதில்லை. கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிற குவாட்டர்பாக்கை ஒவ்வொரு ஆட்டத்திலும் அடிவாங்க விட எந்த முதலாளிக்கும் மனம் வராது. பல்கலைக்கழக மட்டத்திலும் 2022 இல் இடுப்புக்குக் கீழே மறிப்பதை இன்னும் இறுக்கினார்கள், சின்ன ஆட்களின் ஒரு ஆயுதம் அதோடு போனது. செத்துவிட்டது என்று எழுதினவர்களும் உண்டு. 2024 இல் இராணுவக் கல்லூரி, குவாட்டர்பாக்கின் ஓட்டத்தை நம்பித்தான், தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு பிரிவின் சம்பியன் பட்டம் எடுத்தது.

இனிப் பழக்குகிற கதை. எழுத வேண்டும் என்று நினைத்ததே இதைத்தான்.

ஒப்ஷனில் பழக்க வேண்டியது கண்ணை. ஒரு பொடியனின் கையில் பந்தைக் கொடுத்தால் அவன் பந்தைத்தான் பார்ப்பான். எல்லாரும் அப்படித்தான். பந்தை வயிற்றுக்குள் வைக்கிற நேரத்தில் தலையைத் தூக்கி எதிரே நிற்கிறவனைப் பார் என்றால் உடம்பு கேட்காது. அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. நான் முதலாவது ஆளின் இடத்தில் நிற்பேன். பந்து கைமாறுகிற நேரத்தில் விரலைக் காட்டுவேன், இரண்டோ நாலோ. குவாட்டர்பாக் அந்த எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டும். முதல் கிழமை ஒரு எண்ணும் சரியாக வரவில்லை, பந்தும் நாலு திசையில் கிடந்தது. ஒரு பின்னேரத்துக்கு அறுபது தடவை. சின்னவனுக்கும் அதே அளவு வேலை. அவன் பந்தைக் கையால் பிடிக்கக்கூடாது, வயிற்றால் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் குவாட்டர்பாக்கால் உருவ முடியாது. தளர்த்தினால் விழும். பந்து வந்ததோ வரவில்லையோ, வந்தது மாதிரியே குனிந்து பாய வேண்டும். "எனக்குத் தராட்டி நான் ஏன் சேர் ஓடுவான்?" என்று ஒருநாள் கேட்டான். நீ ஓடினால்தானே அவன் உன்னைப் பிடிக்க வருவான் என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப நான் தூண்டில் புழுவோ?" என்றான். ஓம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பெயரே புழு. அதில் அவனுக்குப் பெருமை.

வேலையைச் சுருக்கித் தந்தது கிளித்தட்டு. தாச்சி மறிக்கிறது என்று சொல்கிற அதே விளையாட்டு. கோட்டில் நிற்கிறவனைத் தாண்ட வேண்டுமென்றால் அவன் கையைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அவன் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் போவது போல ஒரு கால் வைத்து, அவன் சாய்ந்ததும் மற்றப் பக்கத்தால் போக வேண்டும். நடுக்கோட்டால் கிளி ஓடி வருவதையும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் வலைப்பந்துப் பிள்ளைதான் சொன்னாள், "அண்ணை, மறிக்காம விடுற ரெண்டு பேரும் கிளி மாதிரித்தானே" என்று. அன்றிலிருந்து முதலாவது ஆளுக்கு முதல் கிளி, இரண்டாவது ஆளுக்கு ரெண்டாம் கிளி என்று பெயர். அமெரிக்காவில் வைத்திருக்கிற பெயர்களை நான் அதற்குப் பிறகு பாவிக்கவில்லை. அடுத்த கிழமையே, விரல் எண்ணிக்கை பத்துக்கு ஏழு சரியாக வந்தது.

கண் பழகினது. அதற்கடுத்து வந்தது காது. இதற்கு வீடியோவில் பயிற்சி இல்லை.

எங்கட ஊரில் விளையாட்டென்றால் கரையில் நிற்கிறவர்களும் விளையாடுவார்கள். "அடியடா", "குடடா", "பின்னுக்குப் பார்", "உவனைப் பிடி". உதைபந்தில் இது பெரிய பாதிப்பில்லை, பழகின இரைச்சல். ஒப்ஷனில் இது விசம். அரைச் செக்கனுக்குள் முதல் கிளியின் இடுப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய பொடியனுக்குக் கரையிலிருந்து "வைச்சிரடா!" என்று ஒரு சத்தம் கேட்டால், அவன் வைத்திருப்பான். கிளி எங்கே போனது என்று பார்க்கவே மாட்டான். அதுவும் அந்தச் சத்தம் அப்பாவுடையது என்றால் சொல்ல வேண்டியதில்லை.

எங்கட குவாட்டர்பாக்கின் அப்பா ஒரு நாளும் தவறாமல் வருவார். தோட்டம் முடிய நேரே மண்வெட்டியோடு வந்து வடலிக்குப் பக்கத்தில் நிற்பார். மகனில் உயிர். அவனுக்கு இந்த வருடம் ஓ.எல். அவனுக்கு எந்தப் பாடம் எந்த ரியூசன் என்பது அம்மா முடிவு. சோதனை முடிய என்ன செய்வது என்பது பாரிஸில் இருக்கிற சித்தப்பா முடிவு. தலைமயிரை எப்படி வெட்டுவது என்பது பள்ளிக்கூடம் முடிவு. இதில் ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது, நடத்தினவர்கள் எல்லாரும் என்னில் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் பதினாறு வயதுவரை ஒரு முடிவையும் தானாக எடுக்காத ஒருவனிடம், ஒரு எட்டுக்குள் மூன்றில் ஒன்றைத் தெரி என்றால் அவன் என்ன செய்வான்? கரையைத் திரும்பிப் பார்ப்பான். அவன் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான். பந்தைச் சின்னவனின் வயிற்றில் வைத்துவிட்டு, கிளியைப் பார்க்க வேண்டிய கண் அப்பாவிடம் போகும். பிறகு என்னிடம் வரும்.

ஒரு விதி வைத்தேன். பந்து அசைந்ததிலிருந்து ஆள் பிடிபடும்வரை கரையில் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. நானும் திறக்கக்கூடாது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பெத்த தேப்பன் கதைக்கக்கூடாதோ?"

"கதைக்கலாம் அண்ணை. அவன் பிடிபட்ட பிறகு கதையுங்கோ."

"பிடிபட்ட பிறகு கதைச்சு என்ன பிரயோசனம்?"

நியாயமான கேள்வி. உண்மையில் ஒப்ஷன் பழக்குகிறவர்கள் எல்லாரையும் இது தின்கிறது. நீ மேலே நின்று பார்க்கிறாய், உனக்கு எல்லாம் தெரிகிறது, அவன் பிழையான பக்கம் போகப்போகிறான் என்று ஒரு கணம் முந்தியே தெரிகிறது. வாய் துடிக்கும். ஆனால் உன் சத்தம் அவன் காதில் விழுந்து காலுக்குப் போகும்போது கிளி வேறு பக்கம் சாய்ந்திருப்பான். நீ சொன்ன விடை பழைய கேள்விக்கானது. இதை நான் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இரண்டு நாள் அவர் வரவில்லை. இரண்டு நாளும் மகன் விட்ட பிழைகளுக்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் வந்தவரிடம், "அண்ணை, எனக்கு முழங்கால் நோகுது, இண்டைக்கு நீங்கள் முதல் கிளியா நில்லுங்கோவன்" என்றேன். முழங்கால் உண்மையாகவே நொந்தது, அறுபது தடவை குனிந்து எழும்பினால் யாருக்கும் நோகும். மண்வெட்டியை வடலியில் சாத்திவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வேலை இதுதான் என்று விளக்கினேன்: சின்னவனைப் பிடியுங்கோ, இல்லாட்டி மகனைப் பிடியுங்கோ, உங்கட விருப்பம், அவனுக்கு மட்டும் முதலே காட்டாதேங்கோ.

ஆளுக்கு வாய்க்குள் சிரிப்பு. முதல் ஐந்து தடவையும் மகனை ஏமாற்றினார். கடலுக்கும் போகிற மனுசன், கால் மணலில் நன்றாக நிற்கும். உள்ளுக்குப் போவது போல தோளைக் காட்டி வெளியே வந்து மகனின் துணியை உருவி எடுத்து ஆட்டிக் காட்டினார். ஆறாவது தடவை தோள் உள்ளுக்குப் போனது, இடுப்பு போகவில்லை. மகன் பந்தைச் சின்னவனிடமே விட்டான். அப்பா வெறுங்கையனான மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, புழு அவருக்குப் பக்கத்தால் போய்விட்டது. ஏழாவது தடவை உருவிக்கொண்டு ஓடினான். எட்டாவதும் சரி. ஒன்பதாவதில் அப்பா மூச்சு வாங்க நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவன் என்ர எங்க பாக்கிறான்?" மகன் முந்திக்கொண்டு, "சொல்லமாட்டன்" என்றான்.

கிளியாக நிற்கிறவர் கத்த முடியாது. கத்தினால் தான் போகப்போகிற பக்கம் தெரிந்துவிடும். அதனால் அவர் அந்தப் பின்னேரம் முழுக்க வாய் திறக்கவில்லை. இப்போது கிழமையில் மூன்று நாள் முதல் கிளி அவர்தான். போட்டியன்று கரையில் நின்றால் கையை வாயில் பொத்திக்கொண்டு நிற்பார், பார்க்கப் பாவமாக இருக்கும்.

போட்டியென்று பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து ஊரில் உதைபந்து விளையாடுகிற பெரிய பொடியளுக்கு இரண்டு நாள் விதிகளைச் சொல்லிக்கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டோம். இருபது, இருபத்திரண்டு வயது ஆட்கள். புழுவைக் கண்டதும் சிரித்தார்கள். முதல் மூன்று தடவையும் பந்து புழுவிடமே போனது, நடுவால், ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு எட்டு. நாலாவது தடவை அவர்களின் ஆகப் பெரிய ஆள் பொறுமை இழந்து உள்ளே பாய்ந்து புழுவை அப்படியே தூக்கினான். பந்து அவனிடம் இல்லை. எங்கட குவாட்டர்பாக் கரையால் போய்ப் புள்ளி எடுத்த பிறகும் அந்தாள் புழுவைக் கீழே இறக்காமல் வயிற்றைத் தடவிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

3–3 வரை போய், 4–3 என்று தோற்றோம். கடைசி ஆட்டத்தில் ரெண்டாம் கிளி குவாட்டர்பாக்கை நோக்கி வந்தான். அவன் கரைக்கு எறிந்தான். வியர்த்த கை, பந்து வழுக்கித் தாழப் போனது. பின்பக்கமாக எறிந்த பந்து நிலத்தில் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. அவர்களில் ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அவன் முடிவெடுக்க வேண்டிவந்த ஆட்டங்கள் முப்பத்தொன்று. சரியான முடிவு இருபத்தாறு. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு நேரே "முடிவு சரி, கை பிழை" என்று எழுதினேன். மறுநாள் கொப்பியைக் காட்டினேன். தோற்ற ஆட்டத்துக்கு முன்னால் சரி போட்டிருப்பதைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பிழை போட்டிருந்த ஐந்தில் ஒன்றைக் காட்டி, "இதில நாங்கள் புள்ளி எடுத்தனாங்கள்தானே, ஏன் பிழை?" என்றான். கிளி உள்ளே வந்திருந்தான், உருவியிருக்க வேண்டும், நீ கொடுத்தாய், புழு அதிர்ஷ்டத்தில் தப்பினான் என்றேன். கொஞ்ச நேரம் வாதாடினான். கிளியின் இடுப்பு உள்ளுக்குத் திரும்பவில்லை, தலை மட்டும்தான் திரும்பினது என்று சாதித்தான். மச்சானிடம் வீடியோ இருந்திருந்தால் பார்த்திருக்கலாம், இங்கே போன் பிடித்துக்கொண்டிருந்தவர் அந்த நேரம் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இருபத்தாறை இருபத்தேழு என்று மாற்றினேன். நிலத்தில் நின்று பார்த்தவன் அவன்.

மாசி மாதம் அதே ஆட்களோடு திரும்பவும் விளையாடுகிறோம். ஓ.எல் முடிந்த பிறகும் குவாட்டர்பாக் இங்கே இருப்பானா என்பது பாரிஸில் இருந்து வருகிற போனைப் பொறுத்தது. போன கிழமை அந்தப் போன் வந்தபோது அப்பா, "அவனிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று சொன்னாராம். அவன்தான் வந்து சொன்னான். கேட்டார்களா, அவன் என்ன சொன்னான் என்று நான் விசாரிக்கவில்லை. பந்தை எடுத்துத் தந்துவிட்டு விரலைக் காட்டத் தொடங்கினேன்.

வலைப்பந்துப் பிள்ளைக்குத் தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரியூசன். ஆகவே கரையால் ஓட ஒருத்தர் வேண்டும். தீவுப்பகுதியில் இருக்கிற, பந்து வராவிட்டாலும் கோபிக்காமல் அடுத்த தடவையும் முழு வேகத்தில் ஓடக்கூடிய ஆராவது இதை வாசித்தால், பின்னேரம் நாலரைக்கு வாங்கோ. பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் விசில் கேட்கும். பழைய சாரம் ஒன்று கொண்டு வாங்கோ, துணி முடிந்துவிட்டது.